பூஜ்யத்தில் நின்ற முள்

“இந்தப் பெட்ரோல் முள்ளச் சரிபண்ணாம நான் வண்டியில ஏறமாட்டேன். கணவாயில பெட்ரோல் தீர்ந்து நின்னா யாரு தள்றது?” என்றாள் மனைவி புருல்.

டொக்டோசுனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “காலையிலதான கொச்கோர் பங்க்ல டேங்க ரொப்பினேன்? முள்ளுதான் பொய் சொல்லுது.”

“அது எனக்குத் தெரியுது. கணவாய்க்குத் தெரியுமா?”

அவருடைய பழைய வோல்கா காரில் சாவியைத் திருப்பினால், பெட்ரோல் முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது. கோபித்துக்கொண்டு கிளம்புகிற மனிதரை வண்டி இப்படியா காலை வாருவது?

இது மகளைக் கொடுத்த வீடு. மதிய விருந்தில், முதல் மரியாதைக்குரியவருக்கே வைக்கிற ஆட்டுத்தலையைச் சம்பந்தியான அவர் முன்னால் வைக்காமல், பள்ளித் தலைமையாசிரியர் முன்னால் வைத்துவிட்டார்கள். இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று அவர் எழுந்துவிட்டார். கணவாயைப் பனி மூடியிருந்த குளிர்காலம் முழுக்க மகளைப் பார்க்க ஏங்கியவள் புருல். இருந்தும் அவர் எழுந்ததுமே மூட்டைகளை வண்டியில் வைக்கப் போனாள். திரும்பி வரத்தான் கொஞ்சம் நேரமாயிற்று.

சம்பந்தி ஜுமாகதிர் ஸ்பேனரோடு வந்து நின்றார். “ஒரு கை பிடிக்கட்டுமா, சம்பந்தி?”

“உங்ககூட எனக்குப் பேச்சில்ல.”

“பேச வேண்டாம். இத மட்டும் வாங்கிக்குங்க.”

டிக்கிக்கு அடியில் டேங்கிலிருந்து வரும் வயரைக் கழற்றி, டொக்டோசுன் வண்டியின் உடம்பில் தொடவைத்தார்.

“முள்ளு துள்ளுது,” என்று முன்சீட்டிலிருந்து ஜுமாகதிர் குரல் கொடுத்தார்.

அப்படியானால் முள்ளில் கோளாறில்லை. டேங்குக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காட்டும் மிதவையை வெளியே எடுத்து, வயரை மாட்டி, விரலால் தூக்கினார்.

“ஏறுது சம்பந்தி. இப்ப இறங்குது.”

மிதவையும் சரி, வயரும் சரி. இதற்குள் பின்கட்டில் இன்னொரு ஆடு கொப்பரையில் வெந்துகொண்டிருந்தது.

குழம்பிப்போன டொக்டோசுன், மிதவை இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். டேங்கில் ஒரு சொட்டு இல்லை. பாவம், முள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

தலையைத் தூக்கிச் சம்பந்தியை முறைத்தார்.

“சத்தியமா நான் எடுக்கல,” என்றார் ஜுமாகதிர்.

“நடிக்காதீங்க. என்னை அனுப்ப மனசில்லாம டேங்கையே உறிஞ்சி வச்சிருக்கீங்க. அந்த வாத்தியாருக்கு யாராவது இப்படிச் செய்வாங்களா?” சொல்லும்போதே டொக்டோசுனுக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தியை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

இரவு விருந்தில் இரண்டாவது ஆட்டின் தலை அவர் முன்னால் வந்தது. முறைப்படி காதை அறுத்து மகளுக்குக் கொடுத்தார். அவள் சிரித்ததைப் பார்த்ததும், அறுவடை வரைக்கும் அடிக்கடி இங்கே வந்துபோகலாம் என்றுகூடச் சொல்லிவிட்டார்.

சாப்பாடு முடிந்து, ஆசி சொல்லி, எல்லோரும் இரு கைகளையும் ஏந்தி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருல் முகத்திலிருந்து கைகளை இறக்கியபோது, சோப்புக்கும் போகாத பெட்ரோல் வாசனை அவர் மூக்கில் ஏறியது.