நான்காவது படிவம்

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியலைன்னா உன் தம்பியைப் போலீஸ்ல ஒப்படைச்சிடுவேன்!"

கேமரா வாடகைக் கடை முதலாளி மனைவியிடம் கத்தியபடி மேஜையில் ஓங்கிக் குத்தியதில் பேனா உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்த மச்சான், அதாவது அந்தத் தம்பி, அப்படியே மேஜைக்கு அடியில் குடியிருந்துவிடலாமா என்று யோசித்தான்.

விஷயம் இதுதான். கடையின் இணையதளத்தில் ஒரு படிவம் உண்டு. பெயர், தேதி, எந்தக் கேமரா என்று நிரப்பி அனுப்பினால், கடைக்கு மேலே உள்ள மாடி அறைக் கம்ப்யூட்டரில் பதிவாகும். அதைப் பார்த்துக் கேமராவை எடுத்து வைப்பது மச்சானின் வேலை. மூன்று வாரமாகப் பதிவுகள் வருகின்றன, ஆனால் உள்ளே பெயரும் இல்லை, தேதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் நேரில் வந்து, "புக் பண்ணினேனே, எங்கய்யா என் கேமரா?" என்று சண்டை போடுகிறார்கள். எதிர்க்கடையிலோ கூட்டம் அலைமோதுகிறது.

"வர்றதையெல்லாம் அழிச்சிட்டு, ஆளுங்களை எதிர்க்கடைக்குத் தள்ளி விடறான். இந்தக் கம்ப்யூட்டரை வேற யாரு தொடறா?"

"அவனுக்கு அவ்வளவு மூளை இருந்தா நான் ஏங்க இவ்வளவு கவலைப்படறேன்?" என்றாள் முதலாளியின் மனைவி.

அக்கா தன்னைக் காப்பாற்றுகிறாளா, காலை வாருகிறாளா என்று தம்பிக்குப் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் முதுகில் பெரிய பையோடு ஓர் இளைஞன் படியேறி வந்தான். "வெப்சைட் ரிப்பேருக்கு ஆள் கேட்டிருந்தீங்களே சார்?"

காலையில்தான் முதலாளி கடை வாசலில் நின்றபடி தெருவுக்கே கேட்கிற குரலில் போன் செய்து டெக்னீஷியனை வரச் சொல்லியிருந்தார். சிரித்த முகம். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, தானே ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினான். பதிவு வந்தது. வெறுமையாக.

"பாத்தீங்களா மேடம்? நான் நிரப்பினதும் காணோம். உங்க தம்பி இன்னும் மேஜைக்கு அடியிலதான் இருக்காரு."

மச்சான் வெளியே வந்தான். மூன்று வாரத்தில் முதல் முறையாக அவன் முகத்தில் ரத்தம் ஓடியது.

டெக்னீஷியன் முதலாளியைப் பார்த்தான். "மூணு வாரத்துக்கு முன்னாடி இதுல யாராவது கை வெச்சீங்களா சார்?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "தளத்தைப் பாதுகாப்பான முகவரிக்கு மாத்தினா நல்லதுன்னு சொன்னாங்க. ஒரு வீடியோ பாத்து, நானே... கொஞ்சம்..."

"அதான்! தளம் புது முகவரிக்கு வந்துடுச்சு. படிவம் மட்டும் இன்னும் பழைய முகவரிக்கே போகுது. அங்கிருந்து 'புது வீட்டுக்குப் போ'ன்னு திருப்பி விடறாங்க. ஆள் ஓடி வந்துடறான், கொண்டு வந்த மூட்டை பழைய வாசல்லயே விழுந்துடுது. அதான் பதிவு இருக்கு, உள்ள சரக்கு இல்ல."

மனைவி முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று முதலாளிக்குத் தோன்றியது.

டெக்னீஷியன் ஒரே ஒரு வரியைத் திருத்தினான். "இப்ப சோதனை. ஒரே இடத்துல இருந்து அனுப்பினா நம்ப முடியாது. சார் தெருக்கோடிக்குப் போங்க, மேடம் மொட்டை மாடிக்கு, தம்பி பின்னாடி பார்க்குக்கு. செல்லுல நிரப்பி அனுப்பிட்டு, கால் மணி கழிச்சு வாங்க. அதுவரைக்கும் எந்த போன் காலும் எடுக்காதீங்க, சோதனை கெட்டுடும். கடை ஷட்டரைப் பாதி இறக்கிடுங்க, நடுவுல வாடிக்கையாளர் யாரும் வந்து குழப்பக் கூடாது பாருங்க."

மூவரும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளாக ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள்.

கால் மணி கழித்து மூச்சிரைக்க வெளிப்படிக்கட்டில் ஏறி வந்தபோது, திரையில் மூன்று பதிவுகள் பளிச்சென்று நின்றன.

'மாமா, நான் எதையும் அழிக்கலை.'

'என் தம்பி தங்கம். வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்.'

'மாப்ள, மன்னிச்சிடுடா.'

மாடி அறை கல்யாண வீடாகிவிட்டது. முதலாளி மச்சானைக் கட்டிப்பிடித்துத் தூக்க முயன்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறக்கிவிட்டார். மச்சான் அழுதுகொண்டே சிரித்தான். இனி இந்த ஜென்மத்தில் யாரும் தன்னைத் திருடன் என்று சொல்ல முடியாது என்ற சந்தோஷத்தில் அக்காவைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

"டெக்னீஷியன் எங்க?"

"கீழ இருப்பாரு மாமா."

"கெட்டிக்காரப் பய! அவருக்கு ஸ்ட்ராங்கா ஒரு டீ சொல்லு."

'டிங்' என்றது கம்ப்யூட்டர். நான்காவதாக ஒரு படிவம்!

"மாமா, நிஜமான ஆளு ஒருத்தர் அனுப்பிட்டாரு!" மச்சான் பெருமை பொங்க உரக்கப் படித்தான்.

"ஐயா, பத்து நிமிடமாக உங்கள் நம்பருக்கு அடிக்கிறேன், எடுக்கவில்லை. இந்தப் படிவம் வேலை செய்யாது என்று தெரிந்தும், வேறு வழியில்லாமல் இதில் எழுதுகிறேன். என் வண்டி நடுரோட்டில் படுத்துவிட்டது. வெப்சைட்டைச் சரிசெய்ய நாளைக் காலையில்தான் வர முடியும். இப்படிக்கு, டெக்னீஷியன்."

மூவரும் தடதடவென்று படியிறங்கி, பாதி இறக்கிய ஷட்டரைத் தூக்கிப் பார்த்தபோது, கண்ணாடி அலமாரிகளில் கேமராக்களின் வாடகை அட்டைகள் மட்டும் வரிசை கலையாமல் நின்றுகொண்டிருந்தன.