தோள் உயரம்

“சமையலறையிலேர்ந்து தானிய அறைக்கு நேர் வழி. நடுவுல படியே கூடாது.”

மேஸ்திரி குறித்துக்கொண்டார். பிறவியிலேயே பார்வையில்லாதவர் கட்டும் வீடு. ஓரடி பிசகக் கூடாது.

“கோழிக்கூண்டு எங்க சார்?”

“பின்கதவுலேர்ந்து ஒரு கயிறு கட்டினா, நேரா கூண்டுல போய் முடியணும்.”

“சரி. அலமாரியை உங்க தோள் உயரத்துக்கு வச்சிடறேன்.”

“அரையடி இறக்குங்க. என் வீட்டுக்காரி குள்ளம். நான் சொன்னேன்னு போட்டுக் கொடுத்துடாதீங்க.”

மேஸ்திரி சிரித்தார். “அவங்க பார்த்து எடுத்துப்பாங்க சார். உங்க கைக்கு வாட்டமா இருக்க வேணாமா?”

“எனக்கு எந்த வீடும் ரெண்டே நாள்ல பழகிடும். நாப்பது வருஷமா இப்படித்தானே இருக்கேன்?” அவர் குரலைத் தாழ்த்தினார். “அவளுக்குத்தான் எல்லாம் புதுசு. இன்னும் ஒரு வருஷம் பார்வை இருந்தா பெரிசுன்னு டாக்டர் கையை விரிச்சிட்டார்.”

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். வேலியோரம் அந்த அம்மா, முந்தின நாள் நட்ட கன்றுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி குறிப்பில் அலமாரியின் உயரத்தை அரையடி குறைத்து எழுதினார். பிறகு டேப்பைப் பிரித்தார்.

“எந்த அறையிலேர்ந்து சார் ஆரம்பிக்கட்டும்?”

“தோட்டத்தைப் பார்த்த அறை. ஜன்னல் மட்டும் நல்லா பெரிசா இருக்கட்டும்.”