ஆட்காட்டிக்குக் கட்டிய துணி

"யார் கட்டுன துணி இது? இப்பவே சொல்லிடுங்க லா!"

பட்டாளத்துத் துரை சொன்னதை தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் ரெங்கசாமி தமிழில் கத்தினார். துரையின் கையில் ஒரு குச்சி. அதன் நுனியில் சிவப்புப் புடவைக் கிழிசல்.

காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வரிசையில் நின்ற சின்னத்தாய், முன்னால் நின்றவளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

கட்டியவள் அவள்தான்.

லாலான் புல் நடுவே ஆட்காட்டிப் பறவை முட்டையிட்டிருந்தால், பக்கத்தில் குச்சி நட்டுத் துணி கட்டிவிடுவது புல்வெட்டும் பெண்களின் வழக்கம். மண்வெட்டியும் நெருப்பும் அந்த இடத்தை விட்டு விலகிப் போகும். மண்டோருக்கும் இது தெரியும். ஆனால் துரை முன்னால் அவர் வாயிலிருந்து துரையின் பேச்சு மட்டும்தான் வரும்.

கம்யூனிஸ்டுகள் ஒளிந்துகொள்வார்களென்று புல்வெளியையெல்லாம் கொளுத்த ஆரம்பித்த பிறகு, தோட்டத்தில் மிஞ்சியது ஒரே ஒரு ஆட்காட்டி ஜோடிதான். இன்றைக்கு அவை முட்டையிட்ட மூலைக்கும் நெருப்பு என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். மனசு கேட்காமல், நேற்று இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்துக் கட்டினாள்.

பட்டாளத்துக்கோ அது காட்டுக்குள் இருப்பவர்களுக்கு யாரோ காட்டிய அடையாளம்.

சொல்லிவிடலாமா? பறவைக்காகக் கட்டினேன் என்றால் எவன் நம்புவான்? பிடித்துப் போகிறவர்களைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிடுகிறார்களாம். அவளுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன.

அதற்குள் லயத்து வீடுகளைப் புரட்டிப்போட்ட சிப்பாய்கள், பக்கத்து வீட்டு நாகமணியின் தூளியை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். அதே சிவப்பு. கிழிந்த ஓரம் அப்படியே பொருந்தியது.

பழைய புடவையைக் கிழித்து, பெரிய பாதியைத் தூளிக்கென்று கொடுத்தவளும் சின்னத்தாய்தான்.

இப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. தலை குனிந்து தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள், பாவி.

நாகமணி அழவில்லை, எதையும் மறுக்கவும் இல்லை. பட்டாளத்து லோரியில் ஏறுமுன் இடுப்பிலிருந்த குழந்தையைச் சின்னத்தாயின் கையில் கொடுத்தாள்.

"இன்னும் பால் குடிக்கல. பாத்துக்கக்கா."

லோரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு கோலசிலாங்கூர் பக்கம் போனது. முள்வேலிக்கு அப்பால் புகை எழுந்தது. ஆட்காட்டி ஓயாமல் கத்தியது. குழந்தையும் கத்தியது.

ஒரு பறவைக்கு இரங்கிய மனசு ஒரு மனுஷிக்கு இரங்கவில்லையே என்று சின்னத்தாய் உள்ளுக்குள் வெந்தாள். பாவம், நாகமணிக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து ஆறுதல்பட்டுக்கொள்ளவும் வழியில்லை.

நேற்று சின்னத்தாய் துணியைக் கட்டி முடிக்கும்வரை, குச்சியை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் நாகமணி.