ஆற்றில் விழுந்த முயல்

மழைக்குப் பாறை இடுக்கில் ஒதுங்கிய கீரியும் முயலும் முள்ளம்பன்றியும் கதை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தன. கீரிதான் கதை சொல்லும். மற்ற இரண்டும் அந்தக் கதைக்குள் புதையல் தேடிப் போகும் வீரர்கள். ஆபத்து வந்தால், ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டையைப் போட வேண்டும். விதிகளைப் பாறையில் கீறி வைத்திருந்தன.

கதையில் ஆற்றின் மேல் ஒரு கயிற்றுப் பாலம் வந்தது. முயல் கொட்டையைப் போட்டது. கறுப்பு விழுந்தது.

முள்ளம்பன்றி பாறையைக் காட்டியது. "பாலத்தில் கறுப்பு விழுந்தால் ஆற்றில் விழ வேண்டும். எழுதியிருக்கிறது பார். உன் ஆட்டம் முடிந்தது."

முயலின் காதுகள் தொங்கிவிட்டன. "இன்னொரு தடவை போடட்டுமா?" என்று கீரியைக் கேட்டது.

"முடியாது. நீ விழுந்துவிட்டாய், அதை நான் மாற்ற மாட்டேன்" என்றது கீரி. பிறகு முள்ளம்பன்றியிடம் திரும்பியது. "ஆனால் விழ வேண்டும் என்றுதானே இருக்கிறது? சாக வேண்டும் என்று எங்கே இருக்கிறது?"

முள்ளம்பன்றி மறுபடி படித்துப் பார்த்தது. "விழுந்த பிறகு என்ன ஆகும் என்று எழுதவே இல்லையே."

"அதற்குத்தான் நான் இருக்கிறேன். முயலே, தண்ணீர் உன்னை இழுத்துக்கொண்டு போகிறது. என்ன செய்கிறாய்?"

"ஒரு கிளையைப் பிடித்துக்கொள்கிறேன்."

"பிடித்துவிட்டாய். ஆனால் கிளை முறியப் பார்க்கிறது."

முள்ளம்பன்றி பாறையை விட்டு எழுந்து வந்து கீரியின் எதிரில் உட்கார்ந்தது.

"நான் இன்னும் கரையில்தானே நிற்கிறேன்? பாலத்துக் கயிற்றை அறுத்து வீசினால் முயல்வரை எட்டுமா?"