வலது மூலை

ஒரு மருந்துக் கிடங்கின் கணினித் திரையில் 'சேமி' என்றொரு பொத்தான் இருந்தது. எல்லாப் பக்கங்களிலும் கீழே வலது மூலைதான் அதற்கு இடம். அம்புக்குறி எங்கே சுற்றினாலும் கடைசியில் தன்னிடமே ஓடி வருவது தன் பச்சை நிறத்தின் அழகால்தான் என்று அதற்கு ஒரு மிதப்பு.

ஒருநாள் அது இடது மூலையில் கிடந்த 'அழி' பொத்தானைக் கூப்பிட்டது. "ஒரே இடத்தில் நின்று அலுத்துவிட்டது. இந்தப் பக்கத்தில் மட்டும் இடம் மாறிக்கொள்வோமா? நான் எங்கே போனாலும் அம்பு என்னைத் தேடி வரும், பார்."

"எனக்கென்ன, என்னை யார் சீண்டுகிறார்கள்" என்று 'அழி' வலது மூலைக்குப் போய் நின்றது.

காலையெல்லாம் உட்கார்ந்து சரக்கு விவரங்களை அடித்து முடித்த மங்கையர்க்கரசி, டீ ஆறுகிறதே என்ற அவசரத்தில் அம்பை விரட்டினாள். அது நேரே வலது மூலைக்குப் போய் ஒரு குத்துக் குத்தியது. பக்கம் வெறுமையாகிவிட்டது.

மங்கையர்க்கரசி மென்பொருள் செய்தவனின் வம்சத்தையே வைது தீர்த்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி அடிக்கத் தொடங்கினாள்.

'சேமி' அம்பிடம் பாய்ந்தது. "கண் தெரியவில்லையா உனக்கு? பச்சைப்பசேலென்று இங்கே நிற்கிறேனே."

"நீ பச்சையா?" என்றது அம்பு. "உன் முகத்தை நான் பார்த்ததே இல்லையப்பா. அந்த மூலைக்குப் போவேன், குத்துவேன், அவ்வளவுதான்."

'சேமி' தன் பழைய வலது மூலைக்குத் திரும்பியது. அங்கே 'அழி' காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

"இடம் நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேனே" என்றது.

மங்கையர்க்கரசி கடைசி வரியை அடித்துக்கொண்டிருந்தாள்.