மறதிக்கார டாக்டர்

"அண்ணா, கார் மறுபடியும் கிளம்ப மாட்டேங்குது."

காலங்கார்த்தால வாசலில் எதிர் வீட்டுப் பல் டாக்டர். நேற்றும் இதே பாட்டு, முந்தாநாளும் இதே பாட்டு.

கதவைத் திறந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ராத்திரி ஹெட்லைட்டை அணைச்சீங்களா?"

"மறந்துட்டேன்க்கா."

"பல் தேய்க்க மறக்காதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. ஒரு விளக்கை அணைக்க ஞாபகம் இருக்காதா?"

டாக்டர் அசட்டுச் சிரிப்பு சிரித்தாள். அதற்குள் தம்பி அறையிலிருந்து வந்துவிட்டான், கையில் அந்த ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டியோடு.

மனைவி தவறிப்போனதிலிருந்து அந்த அறைதான் அவனுக்கு உலகம். ஜன்னல் திரையை விலக்கினால்கூடக் கண் கூசுகிறது என்பான். அக்கா தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இங்கே வந்து கிடக்கிறாள். "எப்ப வர்றே?" என்று வீட்டுக்காரர் தினமும் போன் செய்கிறார். இவனை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிப் போவது?

துக்கத்தில் இருப்பவனை நிம்மதியாகத் தூங்கவிடாமல் இந்த டாக்டர் வேறு.

அக்காவும் பின்னாலேயே கீழே இறங்கினாள். கண்காணிப்புக்குத்தான்.

"சிவப்பு கிளிப்பை ப்ளஸ்ல மாட்டணும்," என்றான் தம்பி. "கறுப்பு மைனஸ்ல. அப்புறம்தான் பெட்டியை ஆன் பண்ணணும்."

"இதுல எதுண்ணா ப்ளஸ்?"

"நேத்து சொன்னேனே டாக்டர்!"

அக்காவால் பொறுக்க முடியவில்லை. "சிவப்பு எது, கறுப்பு எதுன்னே தெரியலை. இவங்ககிட்ட வாயைத் திறந்து காட்டினா நல்ல பல்லைத்தான் பிடுங்குவாங்க."

தம்பி சிரித்துவிட்டான். சத்தமாக இல்லை, மூக்கால் ஒரு சிரிப்பு. அக்கா அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் பெட்டி மேலேயே இருந்தது.

டிபன் டப்பா அளவுதான் இருக்கும். வழியில் கார் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து பயந்து தம்பியின் மனைவி வாங்கி வைத்தது. இந்தத் தக்கனூண்டு சாமானுக்குள் அப்படி என்னதான் இருக்கிறதோ! முனகக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த அந்தப் பழைய கார், டாக்டர் சாவியைத் திருப்பியதும் ஒரு குலுங்கு குலுங்கி உறுமிக்கொண்டு எழுந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அக்காவுக்கு உடம்பு சிலிர்க்கும். செத்தது எழுந்து உட்கார்ந்த மாதிரி.

கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

"உன்னைச் சம்பளமில்லாத மெக்கானிக்காவே ஆக்கிட்டா," என்றாள், மாடிப்படி ஏறும்போது.

"போகட்டும்க்கா. மறதி." உள்ளே போனதும் பெட்டியைச் சார்ஜில் போட்டான். "நாளைக்கும் கூப்பிடுவாங்க. ஆறு மணிக்கெல்லாம் என்னை எழுப்பிடு. ஷேவ் பண்ணணும்."

பாவம், இவளுக்காக ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கிறது!

அன்று மத்தியானமே அக்கா கடைக்குப் போய் அதே மாதிரி ஒரு பெட்டி வாங்கி வந்தாள். பணம் போனால் போகிறது, இன்றோடு இந்தத் தொல்லை ஒழியட்டும். சாயங்காலம் டாக்டரின் கார் உள்ளே நுழைந்ததும் நேராகப் போய் நின்றாள்.

"இந்தாங்க டாக்டர், உங்களுக்கே உங்களுக்கு. இனிமே என் தம்பியைத் தொந்தரவு பண்ணாதீங்க. அவனே பாதி உயிரா இருக்கான்."

டாக்டரின் முகம் சுருங்கிப்போனது. "ஐயோ, எதுக்குக்கா…"

"டிக்கியைத் திறங்க. நானே உள்ள வச்சுட்டுப் போறேன்."

"வேண்டாம்க்கா, நான் வச்சுக்கறேன்."

"உங்களை நம்ப முடியாது. வைக்க மறந்துடுவீங்க."

தடுக்கத் தடுக்க டிக்கியைத் தூக்கினாள் அக்கா. தூக்கிய கை அப்படியே நின்றது.

உள்ளே ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர். பச்சை விளக்குகள் வரிசையாக எரிய, முழுச் சார்ஜோடு. கிளிப்புகள் ஒழுங்காகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன.

"இது யாருது?"

"என்னுதுதான். க்ளினிக் வாசல்ல நின்னுட்டா மாட்டிக்கறதுக்கு."

"மாட்டத் தெரியுமா?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும்."

"அப்போ ஹெட்லைட்டு?"

"தினமும் நான்தான் எரியவிட்டுட்டுப் போவேன். கதவைத் தட்டி, 'எப்படி இருக்கீங்கண்ணா'ன்னு கேட்டா அண்ணா வெளியில வரவே மாட்டேன்னுட்டார். கார் கிளம்பலைன்னு சொன்னேன், உடனே செருப்பைப் போட்டுக்கிட்டு வந்துட்டார்."

காலையில் கேட்ட அந்த மூக்குச் சிரிப்பு இப்போதுதான் அக்காவின் காதில் விழுந்தது. ஷேவ் பண்ண வேண்டும் என்று அவன் சொன்னதும்.

சின்ன உருவம். கசங்கிய வெள்ளைக் கோட்டு. இந்தத் தக்கனூண்டு பெண்ணுக்குள் அப்படி என்னதான் இருக்கிறதோ!

"தினமும் இப்படி இறக்கினா பேட்டரி செத்துப்போயிடாதா?" என்று கேட்டாள் அக்கா.

"பேட்டரி போனா வேற வாங்கிக்கலாம்க்கா."

மேலே ஜன்னல் திரை விலகியது. தம்பி எட்டிப் பார்த்தான். "என்னக்கா? கார்ல ஏதாவது பிரச்னையா? வரட்டுமா?"

"ஒண்ணுமில்லடா! காலையில வந்தா போதும்!"

டிக்கியைப் பூப்போல மூடினாள் அக்கா. தான் வாங்கிய பெட்டியைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன் என்று வீட்டுக்காரருக்கு இன்றைக்கே சொல்லிவிடலாம்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரைப் பூட்டிவிட்டு நகர்ந்தாள்.

"ஏண்டி டாக்டர், அறிவிருக்கா உனக்கு?" அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "மறந்துபோய் ஹெட்லைட்டை அணைச்சுட்டுப் போறியே!"