விழாத அசுரன்

ஆமை தினமும் சாயங்காலம் குளக்கரையில் வேஷ ஆட்டம் நடத்தியது. ஆளுக்கொரு வேஷம். வேஷத்துக்குள் என்ன வேண்டுமானாலும் பேசலாம். வெட்டுப்பட்டால் மட்டும் விழ வேண்டும். முயல் ராஜா. கீரி அசுரன்.

கீரி விழவே விழாது. யார் வெட்டினாலும், "எனக்குப் படலை!" என்று குதிக்கும்.

மூன்று நாளாக முயலைக் காணோம். ராஜா இல்லாத ஆட்டத்துக்கு வரும் ஆட்களும் குறைந்தார்கள். ஆமை முயலின் வளைக்கே போய்க் கேட்டது.

"ஆட்டத்துல அசுரன் திட்டினா எனக்குச் சிரிப்புதான், அண்ணே. முடிஞ்ச பிறகும் இங்க வரைக்கும் வந்து, 'பயந்தாங்கொள்ளிக்குக் கிரீடமா'ன்னு கத்துறான்."

ஆமை கீரியைக் கூப்பிட்டு விசாரித்தது. கீரி சீறியது.

"கோளாறு உன் ஆட்டத்துலதான். ஆட்டம் முடிஞ்சதும் நீ முடிவுரை சொல்லி முடிக்கிறதுக்குள்ள எல்லாரும் தூங்கிடறாங்க. சொன்னா நான் கெட்டவனா?"

"அது நிஜம். இனி சுருக்கிக்கிறேன். முயல் விஷயம் வேற. நீ கிளம்பு."

"நான் போனா அசுரனுக்கு எங்க போவே?"

"கிளம்புன்னேன்."

கீரி போயிற்று.

அன்றே முயல் வந்தது. கிரீடத்தை அணிலுக்குக் கொடுத்துவிட்டு, தானே அசுரன் என்றது. அது போட்ட கர்ஜனையில் தவளைகள் குளத்துக்குள் பாய்ந்தன. கடைசியில் அணில் குச்சியால் தொட்டதும், முயல் மூன்று முறை உருண்டு, காலை உதறி, நாக்கைத் தள்ளிச் செத்தது. அசுரன் சாவதை அந்தக் கரை அன்றுதான் பார்த்தது. ஒரே ஆரவாரம்.

பிறகு எல்லோரும் ஆமையின் நீண்ட முடிவுரைக்காக அலுப்போடு உட்கார்ந்தார்கள்.

"மறுபடியும்!" என்றது ஆமை.